வாய்க்கால் முகத்தில் ஒரு தட்டு

சென்னைக்கு வடக்கே எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் ஆற்றுச் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் குடும்பங்கள் உண்டு. சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் இறாலைத் தடவி எடுப்பதுதான் அவர்கள் தொழில். சில ஆண்டுகளாக அந்தச் சேற்றின் மேல் கருநிற மட்டி கம்பளம்போலப் படர்ந்து கிடக்கிறது. இறாலுக்குப் புதைய இடமில்லை. துழாவும் கையை ஓட்டின் விளிம்பு கிழிக்கிறது. அந்த ஊர் மீனவர்கள் இதைக் காக்கா ஆழி என்கிறார்கள். ஆய்வாளர்களுக்கு இது மைடெல்லா ஸ்ட்ரிகாட்டா. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலக் கரைகளுக்குரிய உயிரி, எண்ணூரின் கொசஸ்தலை ஆற்றுக்குத் தானாக நீந்தி வந்திருக்க முடியாது.

மட்டி வந்த கதையைவிட, அதற்குப் பின் நடந்ததுதான் நம் கவனத்துக்குரியது. விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போனது. அள்ளி அகற்றச் சுமார் 160 கோடி இந்திய ரூபா வேண்டும் என்று கணக்குச் சொல்லப்பட்டது. யார் கொடுப்பது? கப்பலில் வந்ததென்றால் துறைமுகம் கொடுக்க வேண்டும். எந்தக் கப்பலில், எந்தத் துறைமுகத்துக்கு வந்தது என்று யார் நிரூபிப்பது? மீனவர் ஒரு பக்கம், துறைமுகம் ஒரு பக்கம், நீர்வளத் துறை ஒரு பக்கம். கடிதங்கள் போய்வந்த மாதங்களில் மட்டி தன் பாட்டில் பெருகியது.

2014 அளவில் பிலிப்பைன்ஸ், 2016இல் சிங்கப்பூர், பிறகு தாய்லாந்து, கேரளத்துக் காயல்கள், எண்ணூர். இந்த மட்டி ஆசியாவில் கால்வைத்த ஒழுங்கு ஏறத்தாழ இதுதான். கேரளத்தின் அஷ்டமுடிக் காயலில் மட்டி எடுப்போர் 2014இல் நிலைபேறான மீன்பிடிக்கான உலகச் சான்றிதழைப் பெற்றார்கள். இந்தியாவில் அதைப் பெற்ற முதல் மீன்பிடி அவர்களுடையது. அடுத்த சில ஆண்டுகளிலேயே அந்தக் காயலையும் இந்த வந்தேறி பிடித்துக்கொண்டது. சிங்கப்பூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் சென்னைப் பக்கத்திலிருந்தும் கொழும்புக்குக் கப்பல் வராத வாரம் இல்லை.

கொட்டாஞ்சேனையிலோ ஜிந்துப்பிட்டியிலோ ஒரு மாடியில் ஏறி நின்றால் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் கண்ணுக்கு நேரே தெரியும். அந்த மக்களுக்குக் கப்பல் என்பது வேலை, சத்தம், லொறி நெரிசல். அதன் வயிற்றில் இருக்கும் தண்ணீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சுமை குறைந்த கப்பல் நிலை தளும்பாமல் இருக்கக் கடல்நீரை உள்ளே நிரப்பிக்கொள்கிறது. இதைத்தான் பலாஸ்ட் நீர் என்கிறார்கள். ஒரு துறைமுகத்தில் உறிஞ்சியதை இன்னொன்றில் கொட்டும்போது கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளும் சேர்ந்து இறங்குகின்றன. இன்னொரு வழி இதைவிடப் பழையது. கப்பலின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு வருவது.

பலாஸ்ட் நீருக்கு உலகச் சட்டம் வந்துவிட்டது. 2004இல் ஒப்புக்கொள்ளப்பட்ட சமவாயம் 2017 செப்டெம்பர் 8இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு கன மீட்டர் நீரில், 50 மைக்ரோமீட்டரும் அதற்கு மேலும் பருமனுள்ள உயிரிகளில் உயிரோடு இருப்பவை பத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது அதன் அளவுகோல். பல கப்பல்கள் வடிகட்டியையும் புறஊதா ஒளியையும் கொண்டே, மருந்து எதுவும் கலக்காமல், இந்த அளவை எட்டுகின்றன. அடிப்புறத்தில் ஒட்டி வருவதற்கோ சர்வதேசக் கடல்சார் அமைப்பின் 2011ஆம் ஆண்டு வழிகாட்டல்களும் 2023இல் அவற்றைத் திருத்தி வெளியிட்டவையும் மட்டுமே உண்டு. வழிகாட்டல் சட்டமாகாது. நியூசிலாந்து காத்திருக்கவில்லை, 2018 மே முதல், அடிப்புறம் சுத்தமில்லாத கப்பலைத் தன் துறைமுகத்துக்குள் விடுவதில்லை என்று தானே விதி போட்டது.

இலங்கைக்கு இந்த விடயம் புதிதல்ல. கப்பல்களில் ஒட்டிவரும் உயிரிகளைக் கட்டுப்படுத்தச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு உலக அளவில் நடத்திய குளோஃபவுலிங் திட்டத்தில் முன்னோடியாகச் சேர்க்கப்பட்ட 12 நாடுகளில் இலங்கையும் ஒன்று. கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபையும், 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் கடல் மாசுத் தடுப்புச் சட்டமும் நம்மிடம் உள்ளன. நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனமான நாரா காக்கைத்தீவில், கொட்டாஞ்சேனைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அறிவுக்கும் அதிகாரத்துக்கும் பஞ்சமில்லை. ஆனால் அவை ஊரின் காதுக்கு எட்டவில்லை. எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் 2021இல் எரிந்தபோது கரைக்கு வந்த பிளாஸ்டிக் மணிகளை எல்லோரும் கண்டோம். ஒரு மட்டிக் குஞ்சை எவரும் காண முடியாது என்பதால் அதைப் பற்றிய கோபமும் வருவதில்லை.

களுபோவிலையில் இருப்பவருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். கடல் சற்றுத் தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் தெஹிவளை வாய்க்காலும் வெள்ளவத்தை வாய்க்காலும் நகரத்தின் தென்பகுதி மழைநீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் இரண்டு வாய்கள். அந்த வாய்களில் உப்பும் நன்னீரும் கலக்கும். காக்கா ஆழி மிகக் குறைந்த உப்பிலிருந்து கடலைவிட மிகுந்த உப்புவரை தாங்கக்கூடியது என்பதால், இப்படிப்பட்ட கலப்பு நீர் அதற்கு வீடு. வாய்க்கால்களுக்குப் பின்னால் 1990இல் சரணாலயமாக்கப்பட்ட பெல்லன்வில–அத்திடிய சதுப்பு, தெற்கே பொல்கொடை, வடக்கே நீர்கொழும்புக் களப்பு. வாய்க்காலின் தடுப்புக் கதவு, பம்பியின் உறிஞ்சுவாய், பாலத்தின் தூண், எதுவானாலும் அது ஒட்டும். மாரி மழையில் வெள்ளம் ஏறும் ஊரில் ஒரு கதவு மட்டி அடைத்து மூட மறுப்பது சின்ன விடயமல்ல.

குடிநீர்க் குழாய்க்கு இந்த மட்டியால் நேரடி ஆபத்து இல்லை. அம்பத்தலைக்கு வரும் களனி நீர் நன்னீர். நன்னீரில் ஒட்டும் இனங்கள் வேறு. 1988இல் வட அமெரிக்காவின் சென்ட் கிளெயார் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்ட வரிமட்டி, அடுத்த ஆண்டு முடிவதற்குள் மிச்சிகனின் மன்றோ நகரத்துக் குடிநீர் உறிஞ்சுகுழாயை அடைத்து ஊரைத் தவிக்கவிட்டது. ஆசியாவைச் சேர்ந்த தங்கமட்டி 1991இல் தென் அமெரிக்காவின் லா பிளாட்டா ஆற்றில் இறங்கி, மேல்நோக்கி ஏறி, இட்டைப்பு அணைவரை போனது. 2024 ஒக்டோபரில் கலிபோர்னியாவில் தலைகாட்டியது. ஆற்றில் இறங்கியது அணையில் நிற்கிறது. களனிக்கும் இதே கதை பொருந்தும்.

வடக்கில் இருப்போருக்கு இன்னொரு காரணம் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் தருவதற்காகத் தாளையடியில் 2024 ஓகஸ்டில் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்டது. கடல்நீரை உறிஞ்சும் எந்தக் குழாயும் ஒட்டுயிர்களுக்கு விருந்து வைத்த வீடு. நீர் ஓயாமல் ஓடுகிறது, உணவு ஓயாமல் வருகிறது, தின்ன வரும் பெருமீன் உள்ளே நுழைவதில்லை. கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் கடலடிச் சுரங்கம் 468 மீட்டர் நீளமானது. அதன் சுவரில் எண்பதுகளில் நூற்றுக்கணக்கான தொன் மட்டியும் பிறவும் அப்பிக் கிடந்ததை ஆய்வாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் நுரைச்சோலை மின்நிலையமும் குளிர்விப்பதற்குக் கடல்நீரைத்தான் நம்பியிருக்கிறது.

இவ்வளவும் கேட்டதும் வரும் முதல் யோசனை, மருந்தை ஊற்று என்பதுதான். குளோரின் மலிவு, கைக்கெட்டியது. ஆனால் மட்டி புத்திசாலி. நீரில் காரம் தெரிந்தால் ஓட்டை மூடிக்கொண்டு நாட்கணக்காகச் சும்மா இருக்கும். விட்டு விட்டுக் குளோரின் போடுபவரின் பணம் கடலில் கரையும். விடாமல் போட்டால் மட்டி ஒரு நாள் சாகும், அதற்கு முன்பே மீன்குஞ்சும் இறால்குஞ்சும் செத்திருக்கும். கரிமப் பொருளோடு கூடிய குளோரின் உண்டாக்கும் சேர்மங்களும் நல்லவையல்ல. கடல்நீர் சுத்திகரிப்பில் இன்னொரு சங்கடம்: உப்பைப் பிரிக்கும் மென்சவ்வைக் குளோரின் அரித்துவிடும் என்பதால், போட்ட குளோரினை மறுபடி அகற்ற இன்னொரு மருந்து. கப்பல் அடிப்புறத்துக்குப் பூசிய டிரைபியூட்டைல் வெள்ளீயத்தின் கதை இதைவிட மோசம். ஒட்டுயிர்கள் வரவில்லைதான், பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு வளர்ந்தது, பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பு நொடிந்தது. 2008இல் உலகம் அதைத் தடைசெய்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். குடிநீரில் கிருமி நீக்கச் சேர்க்கும் குளோரினை இங்கு யாரும் எதிர்க்கவில்லை. அது உயிர் காக்கிறது. நாம் பேசுவது ஆற்றிலும் கடலிலும் வாய்க்காலிலும் ஊற்றுவதைப் பற்றி.

மருந்தில்லா வழிகள் பல உண்டு, எல்லாம் சோம்பலுக்கு எதிரானவை. குழாய்க்குள் இறுக்கமான நுரைக்கட்டியை நீரழுத்தத்தால் தள்ளிச் சுரண்டி எடுப்பது. உறிஞ்சுவாயில் நுண்வலை. மின்நிலையங்களில் மின்தேக்கிக் குழாய்களுக்குள் பஞ்சு உருண்டைகளை ஓடவிட்டுத் துடைப்பது. இரண்டு உறிஞ்சுகுழாய் வைத்து ஒன்றை நீரோடு மூடிவைத்து மற்றதை ஓட்டுவது. மூடிய குழாயில் ஒக்சிசன் தீர்ந்து மட்டி சாகும். நீரோட்டத்தை வேகப்படுத்துவது, ஏனென்றால் வேகமான நீரில் குஞ்சுக்குப் பிடிக்க நேரமில்லை. சூட்டு நீர். ஒட்ட முடியாத சிலிக்கன் பூச்சு. அமெரிக்காவில் ஓர் ஆய்வாளர் மண் பக்டீரியா ஒன்றைக் கண்டுபிடித்து, செத்த பக்டீரியாவைத் தின்ற வரிமட்டி செத்துப்போவதைக் காட்டினார். ஆனால் அது அந்த இனத்துக்கும் அதன் உறவினத்துக்கும் மட்டுமே வேலைசெய்யும். இந்த வழிகளில் பெரும்பாலானவை கட்டும்போதே வைக்க வேண்டியவை. அடைத்த பிறகு இரண்டாவது குழாய் போடுவதற்குப் பணம் இருக்காது.

எங்கள் கரையில் ஒரு பழைய வழி இன்னும் உயிரோடு இருக்கிறது. தெஹிவளை, கல்கிசைக் கடற்கரையில் சிறு படகுகளைத் தொழில் முடித்ததும் மணலில் இழுத்துப் போடுகிறார்கள். வெயிலில் காயும் அடிப்புறத்தில் எந்த மட்டியும் நிலைக்காது. சிக்கல் முகத்துவாரத்திலும் திக்கோவிட்டவிலும் நீரிலேயே நாட்கணக்கில் கட்டிக்கிடக்கும் பலநாட்கலங்களில். துறைக்குத் துறை போகும் அவற்றின் அடிப்புறத்தைச் சுரண்டி, சுரண்டியதை மீண்டும் கடலில் எறியாமல் கரையில் சேர்த்துப் புதைப்பதற்கு ஒரு மேடையும் ஒரு விதியும் வேண்டும். அதற்கான செலவை மீனவர் தலையில் மட்டும் போடுவது நியாயமாகாது.

1999 மார்ச்சில் அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரத்தில், கலன் பே படகுத்துறையில், கரும்பட்டை மட்டி கண்டுபிடிக்கப்பட்டது. ஆறு மாதத்துக்கு முன் தேடியபோது அது அங்கே இருக்கவில்லை. கண்டபோது சதுர மீட்டருக்குப் பத்தாயிரத்துக்கும் மேல். கதவு போட்டுத் துறையை மூடி, குளோரினும் செப்புச் சல்பேட்டும் ஊற்றினார்கள். உள்ளே இருந்த மட்டி மாண்டது, உள்ளே இருந்த மற்ற எல்லா உயிரும் மாண்டன. உலகில் இப்படி முற்றாக அழித்த நிகழ்ச்சிகள் மிகச் சில. மருந்துக்கு எதிராக எழுதும் நானும் டார்வினைக் குறை சொல்லமாட்டேன். மூடக் கதவு இருந்தது, பரவுவதற்கு முன் பார்த்தார்கள். இரண்டும் இல்லாத இடத்தில் மருந்து வெறும் விரக்தி. கொழும்புத் துறைமுக நகரத்தின் வரைபடத்தில் படகுத்துறை இருக்கிறது. அதைக் கட்டும்போது கதவோடு கட்டுவார்களா, பார்ப்பதற்கு ஆள் வைப்பார்களா என்று இப்போதே கேட்க வேண்டும்.

நம் நாட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. ஆகாயத்தாமரை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. 1909இலேயே அதை ஒழிக்கச் சட்டம் போட்டார்கள். இன்றும் நம் வாய்க்கால்களில் மிதக்கிறது. சல்வீனியா 1939இல் கொழும்பில் தாவரவியல் கற்பிப்பதற்காக வந்து, தப்பி, வயலையும் குளத்தையும் மூடியது. ஐம்பதுகளில் மருந்தடித்தார்கள். அழித்த இடத்தில் மறுபடி முளைத்தது. 1986இல் சில மில்லிமீட்டர் நீளமான ஒரு வண்டை, அதன் பிறப்பிடமான பிரேசிலிலிருந்து அவுஸ்திரேலியா வழியாக வந்ததை, இலங்கை விஞ்ஞானிகள் குளங்களில் விட்டார்கள். சில ஆண்டுகளில் நாட்டின் பெரும்பகுதியில் சல்வீனியா அடங்கியது. நான் இதை எழுதுவது மட்டிக்கும் ஒரு வண்டு கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அல்ல, கிடைக்காது. அங்கே பல்கலைக்கழகமும் விவசாயத் திணைக்களமும் வெளிநாட்டு நிறுவனமும் விவசாயியும் ஒரே வேலையைப் பகிர்ந்துகொண்டார்கள் என்பதைச் சொல்லத்தான்.

பொறுப்பு வீட்டுக்கும் வரும். பெல்லன்வில–அத்திடிய நீரில் இன்று கத்திமீன் நீந்துகிறது. அது அங்கே பிறந்ததல்ல. யாரோ வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்து, பெரிதானதும் வாய்க்காலில் விட்டது. ‘டாங்க் கிளீனர்’ என்று விற்கும் உறிஞ்சுவாய் மீனும் இப்படித்தான் ஆறுகளுக்குப் போயிற்று. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் தொட்டிநீரையும் தாவரத்தையும் நத்தையையும் வாய்க்காலில் கொட்டாமல் இருந்தால் அதுவே பாதி வேலை. கடைக்காரர் வேண்டாத மீனைத் திரும்ப எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

மாடிக்குடியிருப்பின் தண்ணீர்த் தாங்கியும் நம் பொறுப்புத்தான். உள்சுவரில் படியும் வழுக்கல், மட்டிக் குஞ்சு ஒட்டுவதற்குத் தேடும் நுண்ணுயிர்ப் படலத்தின் நன்னீர் வடிவம். வெளிச்சம் புகாத மூடி, ஆண்டுக்கு இரண்டு முறை வடித்துத் தேய்ப்பது, தேங்காமல் நீரைப் பயன்படுத்துவது. இவை போதும். மூடி சரியாக இருந்தால் டெங்கு நுளம்பும் வராது. களுபோவில வைத்தியசாலையின் வாட்டுகள் மழைக்காலத்தில் எப்படி நிரம்புகின்றன என்று இந்த ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இரண்டு வீட்டார் சேர்ந்தால்தான் மேலே ஏறித் தேய்க்க முடியும், ஐந்தாம் மாடிக்காரர் ஏறமாட்டார், முகாமைக் குழு கூடுவதில்லை. நம் பொதுவாழ்வின் முழுப் படமும் அந்தத் தாங்கியின் அடியில் இருக்கிறது.

நாடு பொருளாதார நெருக்கடியிலிருந்து மீண்டு வரும் வேளையில் மட்டிக்கு ஏது பணம் என்பார்கள். நியாயமான கேள்வி. நான் கேட்பது பெரிய பணமல்ல. ஒட்டுயிரைக் கண்காணிக்கும் கருவிகளில் மலிவானது ஒரு சாண் அகலப் பிவிசி தட்டு. கயிற்றில் கட்டி நீரில் தொங்கவிட்டு, சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, என்ன ஒட்டியிருக்கிறது என்று படமெடுத்து நாராவுக்கு அனுப்புவது. வெள்ளவத்தை வாய்க்கால் முகம், தெஹிவளை வாய்க்கால் முகம், முகத்துவாரத் துறை, களனி முகம், நீர்கொழும்புக் களப்பு. இந்த ஐந்து இடங்களில் தட்டு தொங்கினால் புதிய மட்டி வந்த சில மாதங்களுக்குள் தெரிந்துவிடும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பாடசாலைகளின் விஞ்ஞான மன்றங்கள் இதை எடுத்துக்கொள்ளலாம். உயர்தர உயிரியல் மாணவருக்கு இதைவிட நல்ல செய்முறை எங்கே கிடைக்கும்?

தட்டில் வந்தேறி ஒட்டியிருந்தால் யாருக்கு முதல் தொலைபேசி அழைப்பு, யார் இறங்குவது, யார் பணம் தருவது? இந்த மூன்றுக்கும் பதில் மட்டி வருவதற்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். துறைமுக அதிகார சபை, மீன்பிடித் துறைமுகக் கூட்டுத்தாபனம், வாய்க்கால்களைப் பராமரிக்கும் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம், கொழும்பு மாநகர சபை, தெஹிவளை–கல்கிசை மாநகர சபை, நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, நாரா. இவை ஒரு மேசையில் அமர்ந்து ஒரு பக்கத்தில் எழுதி முடிக்கக்கூடிய விடயம் இது. துறைமுகக் கட்டணத்தில் கப்பலுக்கு ஒரு சிறு தொகையை ஒட்டுயிர் நிதி என்று எடுத்தால், மீனவரையும் வரிசெலுத்துபவரையும் பின்னர் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டியிருக்காது. எண்ணூரில் யாரும் கெட்டவர்களாக இருந்ததால் வழக்கு வரவில்லை; முன்கூட்டி எவரும் பேசி வைக்காததால் வந்தது.

இந்தக் கூட்டத்தை அழைக்க வேண்டியது கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபை. அழைக்கும்படி கேட்க வேண்டியவர்கள் நாம். உங்கள் மாநகர சபை உறுப்பினரிடம் இந்த மாதமே கேளுங்கள். உங்கள் பிள்ளையின் விஞ்ஞான ஆசிரியரிடம் தட்டைப் பற்றிச் சொல்லுங்கள்.